இருபத்து மூன்று டப்பா ஊதா

மன்னிப்புக் கடிதத்தை அவர்களே டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். குளோரியா செய்யவேண்டியது கையெழுத்து ஒன்றுதான். அதற்குப் பேனாவின் மூடியையும் கழற்றி நீட்டினார்கள். இப்படிப்பட்ட வசதியை அவளுக்கு இதற்குமுன் எவரும் செய்து தந்ததில்லை. ரேஷன் கார்டுக்குக்கூடச் சொந்தப் பேனாவைத்தான் எடுத்துப் போனாள்.

கடிதம் ஆங்கிலத்தில் நான்கு வரி. ஏரிப் பூங்காவில் நடக்கவிருக்கும் சிற்பக் கண்காட்சிக்கு ஒப்புக்கொண்ட நிறத்தைத் தராமல், தன் இஷ்டத்துக்கு இருபத்து மூன்று விதமாகக் கலந்து ஏமாற்றியது தான்தான் என்றும், அதற்கு வருந்துவதாகவும், இனி இப்படிச் செய்வதில்லை என்றும் குளோரியா சொல்வதாக அது சொன்னது. குளோரியா அப்படி எதுவும் சொல்லவில்லை என்பது மட்டும்தான் அதில் குறை.

“ஸ்வல்ப சைன் ஹாக்கிடும்மா” என்றார் நாகேஷ். பெங்களூர் அடுகோடியில் குளோரியா வேலை பார்க்கும் கார் பெயிண்ட் கடையின் முதலாளி. “ஒரு சைன்தானே? கம்பெனிக்காரங்க டீலர்ஷிப்பை எடுத்துட்டா நான் ஏன்மாடலி, என்ன பண்றது, சொல்லு?”

“நான் இன்னா தப்பு பண்ணேன்னு மொதல்ல சொல்லு ஸார்.”

“தப்புன்னு யார் சொன்னா? தப்புன்னு எழுதியிருக்கு, அஷ்டே, அவ்ளோதான்.”

“எழுதிக் குடுத்துட்டா அப்புறம் அது தப்புதானே?”

நாகேஷ் விசிறியைப் பார்த்தார். கையெழுத்து விழாதவரை குளோரியா மிக்ஸிங் கவுண்டரில் உட்காரக்கூடாது என்று பெயிண்ட் கம்பெனி சொல்லியிருந்தது. இருபத்தொரு வருஷமாக அவள் உட்காரும் நாற்காலி. குஷன் அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. குளோரியா குஷனை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பேனாவின் மூடியைப் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

*

குளோரியாவின் கண் சிவாஜிநகரில் பழகிய கண். பத்தொன்பது வயதில் அங்கே ஒரு மேட்சிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். பெண்கள் புடவையைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டு, இதற்கு ப்ளவுஸ் துணி கொடு என்பார்கள். சிவப்பில் மட்டும் அங்கே அறுபத்திரண்டு சிவப்பு இருந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்கு அறுபத்திரண்டும் போதாது.

கடையின் டியூப்லைட்டில் அச்சாகப் பொருந்திய துணி, பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வேறு நிறமாகிவிடும். திரும்பிவந்து சண்டை போடுவார்கள். முதலாளி துணியைக் குறை சொல்வார், துணிக்காரன் சாயத்தைக் குறை சொல்வான். மூன்றாம் மாதம் குளோரியா புடவையையும் துணியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். கறிக்கடைக்கு எதிரே, வெயில் விழும் இடமாகப் பார்த்து நின்று, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். முதலாளி, அவள் துணியோடு ஓடுகிறாள் என்று நினைத்துச் செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடிவந்தார்.

அன்றிலிருந்து அவள் எந்த நிறத்தையும் கூரைக்கடியில் வைத்து முடிவு செய்ததில்லை.

சில்வெஸ்டர் அவளைப் பார்த்ததும் அந்தத் தெருவில்தான். அவன் அப்போது ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்ப்ரே பெயிண்டர். பழைய ஃபியட் ஒன்றின் கதவு நிறம் நான்கு நாளாக அமையாமல் அலைந்துகொண்டிருந்தவன், ஒரு பெண் வெயிலில் ஒற்றைக் கண்ணால் புடவையை முறைப்பதைக் கண்டு நின்றான். மறுநாள் பெயிண்ட் அடித்த தகரத் துண்டோடு மேட்சிங் சென்டருக்குள் வந்து, இதற்கு என்ன சேர்க்கவேண்டும் என்று கேட்டான். புடவைக்காரப் பெண்கள் சிரித்தார்கள். குளோரியா தகரத்தை வாங்கித் தெருவுக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, “கொஞ்சம் கறுப்பு, கொஞ்சூண்டு மஞ்சள்” என்றாள். கதவு அமைந்தது. ஒரு வருஷத்தில் மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்துக் கல்யாணமும் அமைந்தது.

பிறகு நாகேஷின் கடை. அங்கே மிஷின் இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது. வண்டியின் கலர் நம்பரைத் தட்டினால் எதில் எத்தனை கிராம் ஊற்றவேண்டும் என்று சொல்லும். ஆனால் ஏழு வருஷம் பெங்களூர் வெயிலிலும் ஏரிப் புழுதியிலும் நின்ற காருக்குத் தன் நம்பர் மறந்துபோயிருக்கும். அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது, குளோரியாவுக்குத் தெரியும். டப்பா மூடியில் ஒரு தீற்று தீற்றி, வாசலுக்குப் போய் ஒரு கண்ணை மூடுவாள். இருபத்தொரு வருஷத்தில் கலர் சேரவில்லை என்று ஒரு கதவுகூடத் திரும்பி வந்ததில்லை. அவளிடம் இருக்கும் சர்டிஃபிகேட் அது ஒன்றுதான். அதைத்தான் நான்கு வரியில் வாங்கிப்போக வந்திருந்தார்கள்.

*

இந்த வம்பு ஒரு கதவிலிருந்துதான் ஆரம்பித்தது. அம்ருதா என்ற பெண்ணின் காரை ஒரு ஆட்டோ உரசிவிட்டுப் போனது. குளோரியா கலந்தாள், சில்வெஸ்டர் அடித்தான். வண்டி எடுக்க வந்த அம்ருதா நான்கு கதவையும் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, எந்தக் கதவு அடிபட்டதுன்னு எனக்கே தெரியலை! நீங்க என் எக்ஸிபிஷனுக்கு வந்து கலர் கலக்கித் தரணும்.”

ஏரிப் பூங்காவில் அம்ருதா நடத்தும் திறந்தவெளிச் சிற்பக் கண்காட்சி. இருபத்து மூன்று சிற்பிகள், இருபத்து மூன்று சிற்பங்கள், எல்லாம் ஒரே நிறம். அந்த ஒரே நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஏழு பேர் கொண்ட குழு ஐந்து மாதம் கூடியது. சிவப்பு என்றால் ஒருவர் இருமினார். காவி என்றால் இருவர் எழுந்துபோனார்கள். நீலத்துக்கும் மஞ்சளுக்கும் ஆள் இருந்தது. பச்சையைப் பற்றி மரங்களே ஆட்சேபிக்கும் என்றார்கள். கடைசியில் யாரும் சொந்தம் கொண்டாடாத நிறம் என்று ஊதாவில் வந்து நின்றார்கள். ஜகரண்டா மரங்கள் ஊதாவாகப் பூக்கும் பருவம் என்று கவிதையாக ஒரு காரணமும் கிடைத்தது.

“யாருக்கும் சொந்தமில்லையா?” என்று குளோரியா சிரித்தாள். “தவக்காலத்துல எங்க கோயில்ல சுரூபத்துக்கெல்லாம் இந்தக் கலர்லதான் துணி போத்தி வெச்சிருப்பாங்க. மூடி வெச்சா ஜனங்க ஜாஸ்தி பாக்கும்மா. உள்ள மாதா எப்படி இருக்காங்களோன்னு.”

அம்ருதா “வாவ்” என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். மூடி வைத்தால்தான் அதிகம் பார்ப்பார்கள் என்ற அந்தச் சிந்தனை பின்னால் கண்காட்சிக் கையேட்டின் முதல் பக்கத்தில் வந்தது. அம்ருதாவின் சிந்தனையாக.

குழு ஒரு கலர் அட்டையைக் கொடுத்தது. தீப்பெட்டி அகலம், அழகான ஊதா. ஸ்பான்சர் ஒரு பெயிண்ட் கம்பெனி. அவர்களுடைய ஆள் ரித்விக், நாகேஷ் அவர்களுடைய டீலர். எல்லாம் வசதியாக அமைந்தது.

குளோரியா அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பூங்காவில் மூன்று நாள் சுற்றினாள். இருபத்து மூன்றும் இருபத்து மூன்று குணம். சிமெண்டில் செய்தது பெயிண்டைக் குடித்துவிட்டு வெளிறிப்போகும். இரும்பில் அடித்தால் அதே பெயிண்ட் கறுத்துப்போகும். ஃபைபர் மிட்டாய்க்கடைப் பொம்மை மாதிரி பளபளக்கும். மழைமரத்தடியில் நிற்பது நீலமாகத் தெரியும். ஏரிப் பக்கம் நிற்பது காலை வெயிலில் ரோஸாகத் தெரியும். ஒரே டப்பாவிலிருந்து எல்லாவற்றுக்கும் அடித்தால் எதுவும் எதுவோடும் சேராது. எல்லாம் ஒன்றாகத் தெரியவேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கலக்கவேண்டும்.

அவள் கலந்தாள். இருபத்து மூன்று டப்பா. ஒவ்வொரு மூடியிலும் அது எந்தச் சிற்பத்துக்கு என்று எழுதினாள். சிற்பங்களுக்குச் சிற்பிகள் வைத்த பெயர்கள் ஒன்றும் வாயில் நுழையவில்லை. ‘இன்மை-3’ என்று ஒன்று, ‘இன்மை-1’ எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. அதனால் அவளும் சில்வெஸ்டரும் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். குனிந்திருந்த கல் மனிதன் ‘முதுகுவலி’. மூன்று அடுக்கு உருண்டை ‘இட்லிக் குண்டான்’. முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்ற சிமெண்ட் ஆள் ‘மாமியார் வீட்டு மாப்பிள்ளை’. இருபதடிக் கம்பத்தின் உச்சியில் விரித்து வைத்த இரும்புக் குடை மட்டும் குடையாகவே இருந்தது. அதற்குக் ‘குடை’ என்றே எழுதினாள்.

சில்வெஸ்டர் எல்லாவற்றையும் அடித்து முடித்த அன்று காலை நடைக்கு வந்த கூட்டம் நின்றுவிட்டது. கல், இரும்பு, மரம், மண், ஃபைபர் எல்லாம் ஒரே துணியில் வெட்டித் தைத்த மாதிரி ஒரே ஊதா. அம்ருதா குளோரியாவைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் ரித்விக் ஸ்டோர் ரூமுக்குள் போய் டப்பாக்களை எண்ணினான்.

“மேம், காண்ட்ராக்ட்ல ஒரே கலர் நம்பர், ஒரே டின். நீங்க இருபத்து மூணு பண்ணியிருக்கீங்க. இது சீட்டிங்.”

“பாக்கறதுக்கு எப்படி இருக்குது தம்பி?”

“பாக்கறது முக்கியமில்ல, மேம்.”

சிற்பக் கண்காட்சியில் பார்ப்பது முக்கியமில்லை என்று ஒருவன் சொல்கிறான். குழுவில் ஏழு பேர் நிற்கிறார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. ‘எங்கள் ஒரே டின், ஒரே நகரம், ஒரே நிறம்’ என்று கம்பெனி விளம்பரம் அடித்துவிட்டதாம். அந்த விளம்பரம் பொய்யாகிவிடக் கூடாதாம். அதனால் எல்லாவற்றையும் சீல் வைத்த டின்னிலிருந்து மறுபடி அடிக்கவேண்டும். குளோரியா மன்னிப்பு எழுதித் தரவேண்டும்.

அம்ருதா தன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அணைந்திருந்த செல்போனை.

*

“இன்னாடி, குஷனோட வர்ற?” என்றான் சில்வெஸ்டர் வாசலில்.

“நாற்காலியை வுட்டுட்டு வந்தேன். அது அவருது.”

விஷயத்தைக் கேட்டதும் சில்வெஸ்டர் கொதித்தான். மறுபடி அடிக்க அவனைத்தான் கூப்பிட்டிருந்தார்கள், அவன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். “அவனுங்க டின்னை அவனுங்களே அடிச்சிக்கட்டும். நான் ஸ்ப்ரே கன்னைத் தொடமாட்டேன்.”

“போ” என்றாள் குளோரியா.

“இன்னாது?”

“போயி அடி. வேற எவனையாச்சும் கூப்ட்டா அவன் திட்டுத் திட்டா அடிச்சிட்டு, அடிச்சதுதான் சரியில்லன்னு ஆயிடும். நீ போ. சீல் ஒடைச்ச டின்னு எப்படி இருக்குதோ அப்படியே அடி. ஒரு சொட்டு சேக்காத, ஒரு சொட்டு கொறைக்காத. உன் கைல ஒரு குத்தம் இருக்கக்கூடாது.”

சில்வெஸ்டர் மறுபடி செருப்பை மாட்டினான். “உன்னைக் கட்டினதுக்குப் பதிலா நான் போலீஸ்ல சேந்திருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு நாளில் இருபத்திரண்டு அடித்தான். வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக அவன் எதையும் அடித்ததில்லை. இருபத்து மூன்றாவதான குடை மட்டும் பாக்கி. அதன் உச்சிக்கு ஏற வாடகைக்கு எடுத்த லிஃப்ட் வண்டி முதல் தடவையோடு திரும்பிப் போயிருந்தது. ஏணி எட்டாது. ஒன்றுதானே, தூரத்தில் இருக்கிறது, யாருக்குத் தெரியும் என்றான் ரித்விக்.

*

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. மஞ்சள் வெயில் ஏரிமேல் ஏறி வந்து பூங்காவில் விழுந்தபோது, ஒரே டின்னின் வண்டவாளம் வெளியே வந்தது.

முதுகுவலி, அடிபட்டு இரண்டு நாள் ஆன வீக்கத்தின் நிறத்தில் இருந்தான். மாப்பிள்ளை நூறு தடவை துவைத்த லுங்கி. இட்லிக் குண்டான் பிறந்தநாள் கேக்குபோல வழவழத்தது. மரத்தடியில் நின்றவை நீலம், வெட்டவெளியில் நின்றவை ரோஸ். ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர்கள் கல்யாண குரூப் போட்டோவுக்கு நின்றமாதிரி இருந்தது. தலைமை விருந்தினராக வந்த ஓய்வுபெற்ற அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு, “ஒரே நிறம் எது?” என்று கேட்டார். கிண்டலாக இல்லை. உண்மையாகவே கேட்டார்.

குளோரியா கோயிலுக்குப் போகும் புடவையில் வந்திருந்தாள். சில்வெஸ்டர் பக்கத்தில். டீலர் என்ற முறையில் நாகேஷும் சட்டைப் பையில் ரோஜாவோடு நின்றார். ரித்விக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு குளோரியாவிடம் வந்தான்.

“மேம், ஒரு ஹெல்ப். அந்தக் குடை மட்டும் எதோடயும் மேட்ச் ஆகலை. ஆட் மேன் அவுட்டா தெரியுது. சாயந்திரத்துக்குள்ள அதைச் சரி பண்ணித் தர முடியுமா?”

குளோரியாவின் காது மடல் சூடானது. இருபத்திரண்டு தப்புக்கு நடுவே சரியாக நிற்கும் ஒன்றைக் காட்டி, இதைத் திருத்து என்கிறான். கைப்பையைத் திறந்து, குழு கொடுத்த கலர் அட்டையை எடுத்தாள். கையை மேலே நீட்டி, அட்டையைக் குடைக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடினாள்.

“ஸார், இங்க வா” என்று நாகேஷைக் கூப்பிட்டாள். “புடி. ஒரு கண்ணை மூடு. அது இல்ல, இன்னொண்ணு. இப்பச் சொல்லு.”

நாகேஷ் அட்டையைக் குடைமேல் பொருத்திப் பார்த்தார். அட்டையின் விளிம்பு எங்கே முடிகிறது, குடை எங்கே ஆரம்பிக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

“அதே! அதே கலரு!” என்றார் சத்தமாக. பிறகு தன் சத்தத்தைத் தானே கேட்டுப் பயந்து ரித்விக்கைப் பார்த்தார்.

பக்கத்தில் நின்ற நடைக்காரர் ஒருவர், “குடுங்க, நானும் பாக்கறேன்” என்று அட்டையை வாங்கினார். அவரிடமிருந்து அவர் மனைவி. அங்கிருந்து தலைமை விருந்தினர். ஐந்து நிமிஷத்தில் பூங்காவில் பாதிப் பேர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கையை நீட்டி நின்றார்கள். மீதிப் பேர், இதுவும் கண்காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துப் போட்டோ எடுத்தார்கள்.

அம்ருதா குளோரியாவை ஓரமாக அழைத்துப் போனாள். குரல் இறங்கியிருந்தது.

“ஆன்ட்டி, ப்ளீஸ். உங்க பழைய டப்பா எல்லாம் ஸ்டோர்ல பத்திரமா இருக்கு. நாளைக்கே எல்லாத்தையும் முன்ன மாதிரி மாத்திடலாம்.”

“பேஷா மாத்து. டப்பா உங்க கிட்டதானே இருக்குது? மூடியிலயே எது எதுக்குன்னு எழுதியிருக்கேன்.”

“அது… தமிழ்ல இருக்கு. எனக்குப் பேச வரும், படிக்க வராது. சில்வெஸ்டர் அண்ணாவை வெச்சுப் படிக்கச் சொன்னேன். ‘மாமியார் வீட்டு மாப்பிள்ளை’ன்னு படிச்சார். யாருன்னு கேட்டா, எனக்குத் தெரியாதுங்கறார்.”

சில்வெஸ்டர் தூரத்தில் நின்று மரத்தில் ஏதோ குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குளோரியா கைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். நான்காக மடித்த அந்தக் கடிதம். முந்தின நாள் நாகேஷ் அதை அவள் வீட்டுக்கே கொடுத்தனுப்பியிருந்தார், மனசு மாறினால் ஆகட்டும் என்று. ரித்விக்கிடம் நீட்டினாள்.

“தம்பி, இதுல என் பேரு எங்க இருக்குதோ அங்க உன் கம்பெனி பேரைப் போடு. ஏமாத்திட்டோம், வருத்தமா இருக்குது, இனிமே பண்ணமாட்டோம். மீதி எல்லாம் அப்படியே இருக்கட்டும், நல்லாத்தான் எழுதியிருக்குது. கையெழுத்துப் போட்டுக் குடு. நாளைக்கே வந்து மாப்பிள்ளை யாருன்னு காட்டறேன்.”

“மேம், நான் லீகல்ல கேக்கணும்.”

“கேளு. நான் வூட்லதான் இருப்பேன். நீங்கதானே என்னை வூட்ல ஒக்கார வெச்சிருக்கீங்க.”

சட்டப் பிரிவு பதில் சொல்லப் பத்து வேலை நாள் கேட்டது. கண்காட்சி ஒன்பது நாள்.

ஆகவே இருபத்திரண்டும் அப்படியே நின்றன. திங்கட்கிழமைக்குள் புதுப் பலகைகள் வந்துவிட்டன. ‘ஒரு நிறம் ஒன்றல்ல என்பதை இந்தக் கண்காட்சி ஆராய்கிறது’ என்று வாசலில் பெரிய பலகை. அதாவது குளோரியா இருபத்து மூன்று டப்பாவில் கலந்து சொன்னது, எதற்காக அவள் நாற்காலி பிடுங்கப்பட்டதோ அது, இப்போது குழுவின் கண்டுபிடிப்பு. கையேடும் புதிதாக அச்சானது. அதில் சிற்பிகள் பெயர் இருந்தது, குழுவின் ஏழு பெயர் இருந்தது, கம்பெனி பெயர் நான்கு இடத்தில் இருந்தது. குடைக் கம்பத்தின் அடியில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை: ‘பொது நிறத்திலிருந்து தவறிய ஒன்று.’ ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் தமிழிலும், மூன்று மொழியில்.

அதைச் சில்வெஸ்டர்தான் வந்து சொன்னான். குளோரியா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். நான்கு வரிக் கடிதத்தில் அவள் போடாத கையெழுத்தை, ஒரு வரியில், அவள் இல்லாமலே போட்டு நட்டுவிட்டார்கள்.

நாகேஷ் வியாழக்கிழமை போன் செய்தார். ஒரு வாரத்தில் மூன்று வெள்ளிக் கலர் கார்கள் கதவு வேறு, உடம்பு வேறாகத் திரும்பி வந்திருந்தன. “குளோரியாம்மா, நாளைக்கு பேகா, சீக்கிரமா வந்துடு.”

“லெட்டர்?”

“யாவ லெட்டரு?” என்றார் நாகேஷ். மறதி சிலருக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது! குளோரியாவுக்கு ஒரு நிமிஷம் போனைச் சுவரில் எறியவேண்டும்போல இருந்தது. ஆனால் அவளுக்கு ஒரு சின்ன டப்பா தேவைப்பட்டது. கலக்க மிஷினும் தேவைப்பட்டது. குஷனை எடுத்துக்கொண்டு போனாள்.

கண்காட்சி முடிந்து இருபத்திரண்டையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். குடையை இறக்க லிஃப்ட் வண்டி வேண்டும், அதற்கு யார் கடிதம் எழுதுவது என்று குழுவுக்கும் கம்பெனிக்கும் இன்னும் முடிவாகவில்லை. அதனால் குடை நிற்கிறது. அடியில் பலகையும் நின்றது. பக்கத்தில் எதுவுமே இல்லாத இடத்தில், எல்லாவற்றிலிருந்தும் தவறியதாக.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் குளோரியா கடையில் தனக்காக ஒரு வெள்ளை கலந்தாள். பலகைக்கு அடித்த வெள்ளை, அதில் இரண்டு வாரத்து வெயில், கொஞ்சம் ஏரிப் புழுதி, ஒரு பொட்டு பஸ் புகை. மூடியில் தீற்றி, வாசலுக்குப் போய்ப் பார்த்து, இன்னும் இரண்டு சொட்டு சேர்த்தாள்.

“ஏனம்மா அது, பில் போடலியா?” என்றார் நாகேஷ்.

“சொந்த வேலை ஸார்.”

ஞாயிறு பூசை முடிந்து பூங்காவுக்கு வந்தார்கள். சில்வெஸ்டர் கம்பத்துக்கு முன்னால் கை கட்டி நின்று, நடைக்கு வருபவர்களிடம் நேரம் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் குளோரியா சின்ன பிரஷ்ஷால் மூன்று மொழியையும் ஒவ்வொன்றாக மூடினாள். முடித்து, ஆறடி தள்ளி வந்து, காய்வதற்குக் காத்திருந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

பலகையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எங்கே எழுதியிருந்தது என்றும் தெரியவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும், எந்த வெயிலில் பார்த்தாலும், அது பிறந்ததிலிருந்தே வெறும் பலகை.

“போதுமாடி?” என்றான் சில்வெஸ்டர் திரும்பாமல்.

“இரு” என்று குளோரியா இன்னொரு கண்ணையும் மாற்றி மூடிப் பார்த்தாள்.